குடும்பத்துக்கு ஒரு வருடக் கொப்பி: முதன்முதலாக எழுத உட்காருபவர்களுக்கு

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த அம்மா, ஓய்வு பெற்றுக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தது 2018இல். அந்த வருடம் அவருடைய சேமலாப நிதிக்காக (வேலை முடிந்ததும் கிடைக்கும் சேமிப்புப் பணம்) நானும் அவரும் ஓர் அலுவலகத்தின் வாங்கில் ஐந்து தடவை காத்திருந்தோம். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் இன்னொரு பெயர், கல்யாணப் பதிவில் மூன்றாவது எழுத்துக்கூட்டல். 37 வருடம் ஒரே தோட்டத்து மலைகளில் ஏறி இறங்கிய மனுஷி, மூன்று பெயருக்கும் உரியவர் தான் ஒருவரே என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டியதாயிற்று. "எந்த வருடம் இந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தீர்கள்?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். "மூத்தவன் தவழ்ந்த வருடம், ஐயா" என்றார் அம்மா. சரியான பதில்தான். படிவத்தில் அதை எழுதத்தான் கட்டம் இல்லை.

அன்று மாலை பொகவந்தலாவை பஸ் வருவதற்குள் ஹட்டனில் ஒரு கடைக்குப் போய் 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். இப்போது எங்கள் வீட்டில் அப்படி எட்டுக் கொப்பிகள் இருக்கின்றன, வருடத்துக்கு ஒன்றாக. யார் பிறந்தார், யார் போனார், யார் முதல் சம்பளம் வாங்கினார், எந்த மழைக்குக் கூரைத் தகரம் பறந்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலையில் பெற்றோர் சிலர் இதைப் பார்த்துவிட்டு, எப்படித் தொடங்குவது என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

ஏன் எழுத வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்முடைய வருடத்தை எப்போதும் மற்றவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போன நாள் செக்ரோலில், பிள்ளையின் எடை கிளினிக் புத்தகத்தில், பிறப்பும் இறப்பும் பதிவாளரின் ஏட்டில். அவற்றில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் அலைவது நாம்தான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளி மலையகத்தாரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், கல்யாணம் ஆனவர் 7 வருடமும் ஆகாதவர் 10 வருடமும் இந்த நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், யாரிடம் அதற்குக் காகிதம் இருந்தது? 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். குடியுரிமைப் பிரச்சினையைச் சட்டத்தால் முடித்துவைத்த ஆண்டு 2003. இத்தனை வருடமும் நம்மவர்கள் தேதியையும் பெயரையும் தேடித்தான் திரிந்தார்கள். என் தாய்மாமா 1975இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி, இப்போது நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் இருக்கிறார். எங்கள் வருடக் கொப்பிக்கு அவரும் ஒரு காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

உட்காரும் நாள்

தீபாவளிக்கு எல்லோரும் வீட்டுக்கு வருவார்கள். ஆனால் அந்த வாரம் முற்பணம், துணிமணி, கடன் என்றே ஓடிவிடும். கொப்பிக்கு ஏற்ற காலம் டிசம்பர்ப் பாடசாலை விடுமுறை முதல் தைப்பொங்கல் வரை. நான் டிசம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை காகிதங்களைச் சேர்க்கிறேன். பொங்கலுக்கு முந்திய வாரத்தில் எழுதுகிறேன். பொங்கல் முடிந்த அன்று இரவு எல்லோர் முன்னாலும் வாசிக்கிறேன். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளும் அப்போது வீட்டில் இருப்பார்கள். ஜனவரிக் குளிரில் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார முடியாது. அடுப்பங்கரைதான் வசதி, கை விறைக்காமல் எழுதலாம்.

கொப்பி தைத்ததாக இருக்கட்டும். கம்பிச் சுருள் போட்டது நம் ஈரத்தில் துருப்பிடித்து ஓரத்தைத் தின்றுவிடும். சாதாரண நீலக் குமிழ்முனைப் பேனா போதும். ஜெல் பேனா வேண்டாம். எங்கள் இரண்டாவது கொப்பியில் ஜெல் பேனாவால் எழுதிய எட்டுப் பக்கம் ஒரே ஜூலை மழையில் ஊதா நிறக் கறையாகிவிட்டது. அதைத் திரும்ப எழுத இரண்டு இரவு பிடித்தது.

பன்னிரண்டு குவியல்

பாயை விரித்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு காகிதத்தையும் மாதவாரியாகக் குவியுங்கள். சம்பளத் துண்டு, மின்சாரப் பட்டியல், கிளினிக் அட்டை, பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கை, அடகுச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, அந்தியேட்டி அழைப்பு, ஆஸ்பத்திரித் துண்டு, கோயில் நன்கொடைப் பற்றுச்சீட்டு எல்லாம் வேண்டும். குப்பை என்று எதையும் கழிக்காதீர்கள். ஒரு பஸ் டிக்கெட்டைப் பார்த்துத்தான், மூத்தவளைப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன நாளை நாங்கள் சரியாகக் கண்டுபிடித்தோம்.

கைத்தொலைபேசியை இதில் மறக்க வேண்டாம். படத்தைத் தொட்டால் எடுத்த தேதி வரும். மாதத்துக்கு மூன்று படம் பார்த்தாலே பாதி வருடம் நினைவுக்கு வந்துவிடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆதாரம் சுவரில் தொங்கும் மாத நாட்காட்டி. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் வேலைக்குப் போன காலம் முழுவதும் நாட்காட்டியில் கோடு போட்டார். முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், கிடைத்த நாளுக்கு ஒரு நேர்கோடு, அரைப் பேருக்குப் பாதிக் கோடு, ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு (பறித்த கிலோவுக்குக் காசு) போனால் ஒரு புள்ளி. சமையல் வாயு வாங்கிய நாளுக்கு ஒரு வட்டம். சீட்டுக் காசு கட்டிய நாளுக்குப் பெருக்கல் குறி. சம்பளத் துண்டு வந்ததும் அதிலுள்ள பேரை என்னை வாசிக்கச் சொல்லி, கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். கணக்குக் குறைந்தால் மறுநாள் காலை வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளையிடம் கேட்பார். பல முறை அம்மாவின் கோடுதான் சரியாக இருந்திருக்கிறது. இப்படிக் குறி போடும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். டிசம்பர் முடிந்ததும் அந்த நாட்காட்டியைக் கிழித்து அடுப்பு மூட்டாதீர்கள். மடித்துக் கொப்பிக்குள் வையுங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும் முறை

"இந்த வருடம் என்ன நடந்தது?" என்று கேட்டால் "என்ன நடக்கும், வழக்கம்போலத்தான்" என்று முடித்துவிடுவார்கள். திருவிழாவையும் மலையையும் பிடித்துக் கேளுங்கள். காமன் கூத்துக்கு முன்னாலா, பின்னாலா? ஆடிப் பூஜைக்குக் கரகம் எடுத்தபோது மாமா உயிரோடு இருந்தாரா? அப்போது கொழுந்து எந்த மலையில், மேல் டிவிசனிலா, பணிய டிவிசனிலா? பழைய வருடத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிப்பது, உதவும். ஒரு மலையில் சில வருடங்களுக்கு ஒரு முறைதான் கவ்வாத்து வெட்டுவார்கள். மலை ஓரத்துப் பலகையில் அந்த மாதத்தையும் வருடத்தையும் எழுதி வைக்கும் தோட்டங்கள் உண்டு. "ஏழாம் நம்பர் மலையைக் கவ்வாத்து வெட்டியபோது நான் கர்ப்பமாக இருந்தேன்" என்று ஒரு அத்தை சொன்னால், அதிலிருந்து வருடத்தை எடுத்துவிடலாம்.

அவர்கள் சொல்லும்போது இடையில் திருத்தாதீர்கள். சொன்ன சொல்லிலேயே எழுதிவிட்டு, ஓரத்தில் தேதியைப் போடுங்கள். அம்மா "தவழ்ந்த வருடம்" என்றார் அல்லவா? எங்கள் முதல் கொப்பியில் அது அப்படியேதான் இருக்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில் 1981 என்று நான் எழுதியிருக்கிறேன். இரண்டும் வேண்டும்.

பெயர்ப் பக்கம்

கொப்பியின் முதல் பக்கம் இதுதான். மற்றதை எழுத நேரமில்லாத வருடத்திலும் இந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது எழுதிவிடுங்கள்.

வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம். அதன் கீழே அடையாள அட்டையில் எப்படி இருக்கிறது, பாடசாலை அனுமதிப் பதிவில் எப்படி இருக்கிறது, செக்ரோலில் எப்படி இருக்கிறது என்று அப்படியே பார்த்து எழுதுங்கள். லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி மூன்றும் நம் வாயில் ஒரே பெயர். காகிதத்தில் அவை மூன்று ஆட்கள். தகப்பன் பெயர் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதையும் கவனியுங்கள். சிங்களத்தில் பதிவாகியிருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் எழுத்தெழுத்தாகச் சொல்லக் கேட்டு எழுதுங்கள். எங்கே வேறுபடுகிறதோ அங்கே கோடிட்டு, அந்த வருடமே திருத்தப் புறப்படுங்கள். வேலையில் இருக்கும்போது ஒரு நாள் லீவு போட்டுத் திருத்தக்கூடியதற்கு, வேலை முடிந்த பிறகு ஐந்து நாள் அலைய வேண்டியிருக்கும். அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

அடையாள அட்டை எண்ணை நீங்களே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரி 1ஆம் தேதி பிறந்த ஆணுக்கு 032 என்றும் பெண்ணுக்கு 532 என்றும் வரும். இது பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தேதி மாறியிருக்கிறது. எண்களைத் தனித்தாளில் எழுதி வீட்டுக்குள் வையுங்கள். வருடக் கொப்பி பத்துப் பேர் கைக்குப் போகும், வங்கிக் கணக்கும் அடையாள எண்ணும் அதில் இருக்கக் கூடாது.

பெயர்ப் பக்கத்தின் கீழே, வரும் வருடத்தில் யாருக்கு என்ன காகிதம் எடுக்க வேண்டும் என்று குறித்துவிடுங்கள். பிள்ளை பிறந்தால் 42 நாளுக்குள் பதிய வேண்டும். 9 மாதத்திலும் 3 வயதிலும் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) தடுப்பூசி. 15 வயது நிறைந்தால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடசாலை அதிபர் ஊடாகவே அது நடக்கும். 18 ஆனவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் ஏறியதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டும். மலையகத்தில் வாக்கு எத்தனை வருடம் கழித்துத் திரும்பி வந்தது என்பதை நினைத்தால், இந்த ஒரு வரிக்காக ஒரு நாள் நடப்பது வீணில்லை என்று தோன்றும்.

எதை எழுதுவது

கல்யாணம், பரீட்சை, வீடு குடிபோதல் என்று பெரியவை தாமாகவே நினைவுக்கு வரும். சின்னவைதான் போய்விடும். அவற்றுக்கு இடம் கொடுங்கள். எங்கள் கொப்பிகளிலிருந்து சில வரிகளைத் தருகிறேன். இதே நீளம் போதும்.

"மார்ச் 9. தம்பி மகள் பிள்ளைக் காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) முதல் நாள் போனாள். அவள் அழவில்லை. அவளை விட்டுவிட்டு மலைக்கு ஏறிய அவள் அம்மாதான் பாதி வழி அழுதாள்."

"ஜூன் 2. அண்ணன் சைக்கிள் கடனை முடித்தார். கடைசித் தவணை கட்டிய துண்டை ஸ்வாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்."

"செப்டெம்பர் 14. பீலியில் தண்ணீர் வரவில்லை, பதினோராம் நாள். மூத்தவள் ஒரு குடத்தோடு இரண்டு தடவை பள்ளத்துக்கு இறங்கினாள். மாலை கணக்குப் பாடம் படித்தாள்."

தேதி, ஆள், நடந்தது, கண்ணில் பட்ட ஒரு விஷயம். இந்த நான்கும் இருந்தால் இருபது வருடம் கழித்து வாசிப்பவருக்கும் அந்த நாள் தெரியும். "மிகவும் சந்தோஷமாக இருந்தது" என்று எழுத வேண்டாம். அன்று என்ன சமைத்தீர்கள், யார் யார் வந்தார்கள், எத்தனை மணி வரை விளக்கு எரிந்தது என்று எழுதினால் சந்தோஷம் அதிலேயே தெரியும்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை பற்றி ஒரு வார்த்தை. வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளையின் புள்ளியை எல்லோரும் எழுதுகிறார்கள். தாண்டாத பிள்ளையின் வருடத்தையும் எழுதுங்கள். எங்கள் சின்னவன் தாண்டவில்லை. அந்த வருடம் அவன் தப்புப் பறை அடிக்கப் பழகினான். மாசியில் காமன் கூத்துக்கு மூன்று இரவு பெரியவர்களோடு நின்று அடித்தான். கொப்பியில் அவனுக்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. இப்போதும் அதை எடுத்து எடுத்து வாசிக்கிறான்.

பெண்பிள்ளை பெரியவளானதை எழுதுவதற்கு முன் அவளிடம் கேளுங்கள். எங்கள் மூத்தவள், "சடங்கு நடந்த தேதியை எழுதுங்கள், மற்றது வேண்டாம்" என்றாள். அப்படியே செய்தேன். வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன அக்காமாரைப் பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். போன நாள், வந்த நாள், அனுப்பிய பணத்தில் என்ன நடந்தது என்பது வரை எழுதலாம். அங்கே பட்டதை அவர்கள் சொல்ல விரும்பினால் மட்டும் எழுதுங்கள்.

நாட்டில் நடந்த பெரிய விஷயங்களையும் வீட்டு வாசல் வழியாகவே எழுதுங்கள். 2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு போட்டார்கள் என்பதைப் பத்திரிகையில் பார்த்துக்கொள்ளலாம். அன்று தம்பி கொழும்புப் புறக்கோட்டைக் கடையில் மாட்டிக்கொண்டதும், அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்ததும், இங்கே கொழுந்து வேலை மட்டும் நிற்காமல் நடந்ததும் நம் கொப்பியில்தான் இருக்கும்.

பணப் பக்கம்

சுருக்கமாகப் போதும், ஆனால் விடக் கூடாது. வருடக் கடைசியில் நாட்சம்பளம் எவ்வளவு, மாதத்துக்குச் சராசரி எத்தனை பேர் கிடைத்தது, எவ்வளவு கடன் இருக்கிறது, எந்த நகை எங்கே அடகில் இருக்கிறது. 2021இல் வர்த்தமானி வந்து நாட்சம்பளம் 1,000 ரூபாயானது, 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350 ரூபாய் என்றார்கள். அந்தச் செய்தி வந்த தேதிக்கும், அந்தப் பணம் உங்கள் கைக்கு வந்த தேதிக்கும் இடையில் எத்தனை மாதம் என்று எழுதி வையுங்கள். சம்பளத் துண்டில் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம் கழிகிறதா என்று பாருங்கள். வேலை கொடுப்பவர் 12 சதவீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 சதவீதம். அங்கத்துவ இலக்கத்தைத் தனித்தாளில் குறியுங்கள்.

பிறகு ஐந்து பொருளின் விலை. அரிசி, கோதுமை மா, சீனி, தேங்காய், டவுனுக்குப் பஸ் கட்டணம். ஒவ்வொரு வருடமும் அதே ஐந்து. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம் என்று அறிவித்தார்கள். எங்கள் கொப்பியில் அந்த வருடத்துப் பக்கத்தில் மாவின் விலை நான்கு முறை அடித்து எழுதப்பட்டிருக்கிறது. கீழே அம்மா சொல்லி நான் எழுதிய வரி: "இரவு ரொட்டி ஆளுக்கு ஒன்று. சம்பல் இல்லை, தேங்காய் இல்லாததால்."

துக்கமும் சண்டையும்

இறப்பை எழுத முடியாமல் பேனாவை வைத்துவிடுபவர்கள் பலர். முழுதாக எழுத வேண்டியதில்லை. தேதி, நேரம், எங்கே, பக்கத்தில் யார் இருந்தார், குழி வெட்டியவர்கள் யார், கருமாதி என்று நடந்தது. அவ்வளவுதான். குழி வெட்டியவர்களின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். அவர்கள் வீட்டில் ஒரு துக்கம் வரும்போது நம் வீட்டிலிருந்து ஆள் போக வேண்டும்.

சண்டையை எழுதலாமா என்று கேட்கிறார்கள். அந்த வருடமே எழுத வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு மேலே தேதி மட்டும் போடுங்கள். எங்கள் 2021 கொப்பியில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் 7 பேர்ச்சஸ் காணிக்குப் பேர் கொடுப்பதில் முரண்பட்டார்கள். 2023இல் சமாதானமான பிறகு அண்ணனே அந்தப் பக்கத்தில் தன் கையால் மூன்று வரி எழுதினார்.

படங்களும், கொப்பி இருக்கும் இடமும்

கைத்தொலைபேசி உடைந்தால் வருடமே போய்விடும். ஆறு படத்தையாவது கடையில் அச்சிடுங்கள். பின்புறத்தில் பென்சிலால், இடமிருந்து வலமாகப் பெயர், தேதி, இடம். பேனாவால் எழுதினால் மை முன்பக்கத்துக்கு ஊறும். மாப்பசை போட்டு ஒட்டாதீர்கள், பூச்சி வரும். ஓர் உறையில் போட்டுக் கடைசிப் பக்கத்தில் செருகினால் போதும்.

எங்கே வைப்பது என்பது மலையகத்தில் உயிர்ப் பிரச்சினை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர்க் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை என்று மலை சரிந்துகொண்டே இருந்தது. உயிர் தப்பியவர்கள் பலர் உடுத்திய துணியோடு வந்தார்கள். முகாமில் முதலில் கேட்டது பெயரும் அடையாள அட்டை எண்ணும்தான். அதனால் இப்படிச் செய்யுங்கள். சான்றிதழ்கள், எண்கள் எழுதிய தனித்தாள், வருடக் கொப்பிகள் எல்லாம் தடித்த பொலித்தீன் பையில், வாய் கட்டி, தோளில் மாட்டும் ஒரே பையில் இருக்கட்டும். அட்டாலில் (பரணில்) ஏற்றி வைக்காதீர்கள். புகை படாது என்று நினைத்து பெட்டிக்கு அடியிலும் போடாதீர்கள். கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கட்டும், இருட்டில் கையை நீட்டினால் அகப்பட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிலைகளில் வரும்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. மஞ்சளிலேயே பை யார் பொறுப்பு என்று முடிவு செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது மூத்தவளின் பொறுப்பு. நவம்பர் 27 இரவு பாடசாலைக் கட்டிடத்துக்கு ஏறியபோது அவள் முதுகில் அது இருந்தது.

பெயர்ப் பக்கத்தையும் முக்கியமான பத்துப் பக்கங்களையும் படம் பிடித்து, வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்புங்கள். எங்களுக்கு அது கூடலூர் மாமா. கப்பல் ஏறிய நாள் முதல் அவர் வருடத்துக்கு ஒரு கடிதம், பொங்கலுக்கு வந்து சேரும்படி போடுவார். அந்தக் கடிதங்களை அம்மா ஒன்றுவிடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். தன் பிள்ளைகள் பிறந்தது, வேலை கிடைத்தது, இங்கிருந்து கொண்டுபோன அம்மி உடைந்தது எல்லாம் அதில் உண்டு. வருடத்தை எழுதலாம் என்று எனக்குக் காட்டியது அந்த டின்தான். இந்தியாவுக்குப் போன உறவு உங்களுக்கும் இருந்தால், வாட்ஸ்அப்பில் குரலாகச் சொல்லச் சொல்லி, கேட்டு எழுதி, அவர்களுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

வாசிக்கும் இரவு

எழுதி முடித்ததும் அது உங்கள் கொப்பிதான். வாசித்த பிறகுதான் வீட்டுக் கொப்பியாகும். பொங்கல் இரவு எல்லோரையும் உட்காரவைத்துச் சத்தமாக வாசியுங்கள். சின்னப் பிள்ளைகளும் இருக்கட்டும். யாராவது "அப்படியில்லை" என்றால் நிறுத்துங்கள். பிழையை ஒரே கோட்டால் அடியுங்கள், அடியில் இருப்பது தெரிய வேண்டும். மேலே திருத்தத்தை எழுதி, திருத்தியவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வெள்ளை மை பூசி மறைக்க வேண்டாம்.

இந்தத் தைப்பொங்கலுக்கு வாசித்தபோது மாமா கூடலூரிலிருந்து தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். நவம்பர் 27ஆம் தேதிக்கு வந்தேன். "இரவு பாடசாலையின் மூன்றாம் வகுப்பறையில் தூங்கினோம்" என்று எழுதியிருந்தேன். அம்மா கையை உயர்த்தினார்.

"யார் தூங்கினது? நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்."

தூங்கினோம் என்பதை ஒரு கோட்டால் அடித்து, விடியும்வரை உட்கார்ந்திருந்தோம் என்று மேலே எழுதினேன். மூத்தவள் மைப் பெட்டியைத் திறந்து பிடித்தாள். அம்மா அதற்குப் பக்கத்தில் கைநாட்டு வைத்தார்.